தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பின் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைக்காயம் என்றதும் பலருக்குத் தொப்பூர் கணவாய்தான் நினைவுக்கு வரும். பெங்களூருவிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் அந்தச் சரிவு அப்படிப் பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அரசு மருத்துவமனையின் தலைக்காய வார்டில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்: தை பிறந்ததும் புளி உலுக்க மரமேறியவர், மாங்காய் பறிக்கையில் கிளை முறிந்து விழுந்தவர், ஓசூரில் கட்டடச் சாரத்திலிருந்து தவறியவர், பக்கத்து ஊர்ச் சந்தைக்குத்தானே என்று தலைக்கவசம் இல்லாமல் வண்டியை எடுத்தவர் என அங்கே கிடப்பவர்களில் பாதிப் பேர் நெடுஞ்சாலைக்கே போகாதவர்கள். என் அண்ணன் புளியமரத்திலிருந்து விழுந்தவர்.

மூன்று வாரத்திற்குப் பிறகு, "உயிருக்கு இனி ஆபத்தில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் மூன்று மாதங்கள் அம்மாவும் அண்ணியும் மாறி மாறி ஊட்டினார்கள், துடைத்துவிட்டார்கள், தூக்கி உட்காரவைத்தார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே கேட்டது, "இவரே எடுத்துச் சாப்பிட ஒருநாளாவது விட்டிருக்கிறீர்களா?" என்பதுதான். விடவில்லை. மூளையின் ஒரு பகுதி சிதைந்துவிட்டால், அது செய்துவந்த வேலையை மிஞ்சியிருக்கும் நரம்புகள் புதிதாகப் பழகிக்கொள்ள முடியும். ஆனால் அந்தப் பழக்கம் அவரே அந்தச் செயலைத் தினமும் பலமுறை செய்தால்தான் ஏற்படும். பிறர் செய்து கொடுப்பதால் ஏற்படாது. கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றிலும் இந்த ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்: எதை நாம் செய்ய வேண்டும், எதை அவர் செய்ய விட்டுக் காத்திருக்க வேண்டும்?

இது மருத்துவரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் குறிப்பு அல்ல. மாத்திரை, அறுவைச் சிகிச்சை, குழாய் மாற்றுதல் போன்றவற்றில் அவர்கள் சொல்வதே முடிவு.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்

கிளம்பும் நாளில் கூட்டமும் அவசரமுமாக இருக்கும். கேட்க வேண்டியதை முந்தின நாளே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். கொண்டுவந்து சேர்த்தபோது நினைவு நிலை எத்தனை புள்ளியில் இருந்தது என்று கேட்கலாம். கிளாஸ்கோ அளவுகோல் என்ற முறையில் கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பிடுவார்கள். 13ம் அதற்கு மேலும் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது. அந்த எண் பின்னால் ஒவ்வொரு மருத்துவரும் கேட்கும் எண். அதைவிடவும் குணமாகும் அளவை நன்றாகக் காட்டுவது, அடிபட்ட நாளிலிருந்து அன்றன்று நடப்பதை நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கும் நாள் வரை எத்தனை நாள் ஆயிற்று என்பது. இதைக் குடும்பத்தார்தான் கவனித்துச் சொல்ல முடியும். நேற்று யார் வந்தார்கள் என்பதை இன்று தானாகச் சொல்லும் நாள் எது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

மூளை வீக்கத்திற்கு இடம் கொடுப்பதற்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால், அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். சில நேரம் அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருப்பார்கள். சில இடங்களில் குளிர்பெட்டியில் பாதுகாப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் பின்னால் செயற்கைத் தகடு பொருத்துவார்கள். வயிற்றில் இன்னொரு தையல் ஏன் என்று கேட்டு எங்கள் பக்கத்துக் கட்டில்காரர் குடும்பத்தார் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள், ஏனெனில் யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எலும்பைத் திரும்ப வைக்கும் வரை அந்தப் பக்கம் மூளைக்குத் தோல்தான் காவல். அந்தப் பக்கமாகப் படுக்கவைக்கக் கூடாது. எழுந்து நடக்கும்போது மருத்துவர் சொல்லும் பாதுகாப்புத் தொப்பியை அணிவிக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விளையாட விடக் கூடாது. அந்தக் குழி திடீரென வெளியே புடைத்துக்கொண்டாலும் வழக்கத்தைவிட ஆழமாக உள்வாங்கினாலும் உடனே காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், விபத்தென்றால் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். இந்தப் பை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வேண்டியிருக்கும்.

வீட்டில் இடம் அமைத்தல்

கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் புரளவும் எழவும் முடியாமல் போகும். உறுதியான பலகைக் கட்டில் வேண்டும். அவர் விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் உயரம் சரியானது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், செயலிழந்த பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து பேசும்படி வைத்தால் அந்தப் பக்கத்தைக் கவனிக்க மூளை பழகும். குத்துக்கால் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில் அதன்மேல் வைக்கும் கமோட் நாற்காலி ஒன்று வாங்குங்கள். வாசற்படியை இடித்துச் சமன் செய்ய முடியாவிட்டால் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கோடு அடித்துவிடலாம். வாசனை உணர்வு போயிருக்கக் கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. தலைக்காயத்தில் இது சாதாரணம். சிலிண்டர் கசிந்தாலும் சாம்பார் ஊசிப்போனாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே அவரைத் தனியாக வீட்டில் விட்டுப் போகும் நாட்களில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போக வேண்டும்.

உடலைக் கவனித்தல்

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகின் கீழ்முனை, இடுப்பின் பக்கங்கள், குதிகால், பின்மண்டை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்போ கருமையோ தெரிந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் இருந்தாலே இரண்டு நாளில் மாறிவிடும். கவனிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் ஆறாது. ஏர் பெட் உதவும், ஆனால் ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்தியவர்கள் வீட்டில்தான் நான் மிகப் பெரிய புண்களைப் பார்த்திருக்கிறேன்.

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தோ, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்பாதீர்கள். வலுவிழந்த தசைகளால் தோள் மூட்டைத் தாங்க முடியாது. ஒருமுறை நழுவினால் பல மாத வலிக்கு அதுவே காரணமாகிவிடும். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குவது பாதுகாப்பானது. படுத்திருக்கும்போது அந்தக் கையைத் தலையணைமேல் நீட்டி வையுங்கள், விரல்களை உள்ளே மடங்க விடாதீர்கள். பாதம் கீழ்நோக்கி வளைந்தபடியே இறுகிவிடாமல் ஒவ்வொரு நாளும் கணுக்காலை மேல்நோக்கி மெதுவாக வளைத்துச் சில நொடிகள் பிடித்திருக்க வேண்டும். கைகால் இறுக்கத்துக்கு ஊரில் எண்ணெய் போட்டு உருவிவிடுவது வழக்கம். இதமாகத் தடவுவதில் தவறில்லை. வலிக்க வலிக்க இழுத்து உருவுவது ஆபத்து. மூளைக் காயத்துக்குப் பின் முழங்கை, இடுப்பு மூட்டுகளைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளரும் ஒரு நிலை சிலருக்கு வரும்; மூட்டு வீங்கிச் சூடாக இருந்து அசைவு குறைந்துகொண்டே போனால் உருவுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தொட்டு உருவவே கூடாது; இரத்தக்கட்டு உண்டாகியிருக்கலாம். உணர்ச்சி குறைந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சுட்டது அவருக்குத் தெரியாது.

முடிந்தவரை விரைவில் உட்காரவைக்கப் பாருங்கள், பிறகு நிற்கவைக்க. ஒரே மூச்சில் ஒரு மணி நேரப் பயிற்சியைவிடப் பத்துப் பத்து நிமிடமாக நாள் முழுதும் பிரித்துச் செய்வது நல்லது. காயம்பட்ட மூளை வெகு சீக்கிரம் களைத்துவிடும்; களைத்த நிலையில் செய்வதில் அது எதையும் கற்பதில்லை, எரிச்சல்தான் மிஞ்சும்.

பயிற்சி என்றதும் கையை மேலே தூக்கு, கீழே இறக்கு என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நெல்லிலிருந்து கல் பொறுக்குவது, வேர்க்கடலை உரிப்பது, புளியங்கொட்டையைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றுவது, துணியை மடிப்பது எல்லாம் விரலுக்கும் கவனத்துக்கும் ஒருசேரப் பயிற்சி. அண்ணன் வேர்க்கடலை உரிக்கத் தொடங்கியபோது ஒரு கைப்பிடிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா பொறுக்கமாட்டாமல் பிடுங்கி உரித்துத் தருவார். அதைத் தடுப்பதுதான் எனக்கு அந்த மாதத்தின் முழு வேலையாக இருந்தது.

சாப்பாடு

விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று பேச்சுப் பயிற்சி நிபுணரோ மருத்துவரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் வாய்வழி உணவு தொடங்க வேண்டும். தண்ணீர்தானே என்று ஒரு வாய் கொடுத்துப் பார்ப்பது தவறு; விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்குக் கட்டியானதைவிடத் தண்ணீர்தான் எளிதில் மூச்சுக்குழலுக்குள் போகும். சிலருக்கு அப்படிப் போனாலும் இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் சளி கட்டியது போல மாறுவது, காரணமில்லாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது, மூச்சு வாங்குவது ஆகியவை அதற்கான அடையாளங்கள்.

நம் பக்கத்து உணவில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் உண்டு. கேழ்வரகுக் கூழையும் கஞ்சியையும் வேண்டிய அளவு கெட்டியாக்கலாம். நிபுணர் எந்தப் பதம் என்று சொல்கிறாரோ அந்தப் பதத்துக்குக் காய்ச்சிக் கொடுக்கக் கடையில் வாங்கும் மாவு எதுவும் தேவையில்லை. ஆனால் களி வேறு. களியை நாம் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். அந்தப் பழக்கம் கை நினைவில் இருப்பதால் அவரும் அப்படியே விழுங்கப் பார்ப்பார். தொண்டைத் தசைகள் ஒழுங்காக வேலை செய்யாத நிலையில் ஒரு களி உருண்டை மூச்சையே அடைத்துவிடும். நிபுணர் அனுமதிக்கும் வரை களி வேண்டாம், அவர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும். எங்கள் வீட்டில் இதைத்தான் கடைப்பிடிக்க மிகவும் கஷ்டப்பட்டோம்.

நன்றாக நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பின் அடுத்த வாய் என்று கொடுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். கரண்டியை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை அவர் கைமேல் வைத்து வாய்வரை கொண்டுபோனால், சில வாரங்களில் உங்கள் கையை எடுத்துவிடலாம். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்வது நுரையீரல் தொற்றைத் தடுக்கும். பல் துலக்குவது அழகுக்காக மட்டும் அல்ல. மூக்குக் குழாய் உள்ளவருக்கு ஊட்டும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, குழாய் நழுவவில்லை என்று செவிலியர் காட்டிய முறையில் உறுதி செய்த பிறகே ஊற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

கைகால் வராதது ஊருக்கே தெரியும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். நினைவும் நிதானமும் ஊக்கமும் போனது வெளியே தெரியாது. நடக்கத் தொடங்கிவிட்டவரைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கான், வேணும்னே பண்றான்" என்று உறவினர் சொல்லும் இடத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன. தலை வேகமாகப் போய் மோதும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியும் காதுக்கு மேலே உள்ள பகுதியும் மண்டை ஓட்டின் உள்விளிம்பில் உரசி அடிபடுகின்றன. கோபத்தை அடக்குவது, முன்யோசிப்பது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, புதியதை நினைவில் நிறுத்துவது என்பவை அந்தப் பகுதிகளின் வேலை. ஆகவே குணம் மாறுவதும் கை செயலிழப்பதைப் போலவே ஒரு காயத்தின் விளைவுதான்.

நினைவு திரும்பும் தொடக்கக் கட்டத்தில் பலர் கத்துவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள், அடிக்க வருவார்கள். மூளை விழித்துவிட்டது, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அதற்குப் புரியவில்லை; பெரும்பாலும் இது கடந்துபோகும் ஒரு கட்டம். கையைக் கட்டிப்போட்டால் பயம் கூடும். அறையில் ஒருவர் மட்டும் இருந்து, விளக்கை மங்கலாக்கி, மெல்லிய குரலில் "நீங்க வீட்லதான் இருக்கீங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். சொல்லத் தெரியாத வலி, மூத்திரம் அடைத்தல், மலச்சிக்கல், பசி ஆகியவற்றில் ஒன்று பின்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கட்டத்தில் காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போவது இங்கு உண்டு. கோயிலுக்குப் போவதையும் திருநீறு பூசுவதையும் நான் தடுக்கமாட்டேன், எங்கள் அம்மாவுக்கு அதில்தான் தெம்பு கிடைத்தது. ஆனால் புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது, மாத்திரையை நிறுத்துவது ஆகிய மூன்றுக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்னைத் தெரியுதா?" என்பது. பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை தேர்வு, பத்துத் தடவை தோல்வி. வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் சித்தப்பா, பாலக்கோட்டிலிருந்து வந்திருக்கேன்" என்று தாமே அறிமுகம் செய்துகொண்டு உட்கார வேண்டும். ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். நினைவைச் சோதிப்பதால் நினைவு வளராது. தவறான பதிலைச் சொல்லவிட்டுத் திருத்தினால் அந்தத் தவறே மனத்தில் பதிந்துவிடும். சரியான பதிலை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அதைத் திரும்பச் சொல்லவைப்பதே பயன் தரும். காலையில் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தேன் என்று படுக்கையில் இருப்பவர் சொன்னால் அது பொய் அல்ல. நினைவில் உள்ள ஓட்டையை மூளை பழைய நினைவுகளைக் கொண்டு அடைக்கிறது. மறுத்து வாதாட வேண்டாம்; "இன்னைக்கு உடம்பு சரியாகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று பேச்சை மாற்றலாம்.

எதிர்ச் சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டியும் கடிகாரமும் மாட்டுங்கள். கண்ணாடி, செல்பேசி, துண்டு ஆகியவற்றுக்கு ஒரே இடம், மாறவே கூடாது. அவருக்கென்று ஒரு நோட்டு வைத்து, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார், மாத்திரை போட்டாயிற்றா என்பதை அவரையே எழுதவிடுங்கள். எழுத முடியாவிட்டால் அவர் சொல்ல நீங்கள் எழுதி அவரை வாசிக்கவைக்கலாம். எழுந்திருக்கும் நேரம், குளிக்கும் நேரம், பயிற்சி, மதியத் தூக்கம் எல்லாம் ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடந்தால், நினைவுக்குப் பதிலாகப் பழக்கம் அவரை நடத்திச் செல்லும்.

பேச்சு பாதிக்கப்பட்டவருக்கு நம் மாவட்டங்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பலர் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். பள்ளியிலும் வேலையிலும் தமிழ். இரண்டு மொழியும் ஒரே வேகத்தில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அடுப்படியில் பேசிய மொழி எது என்பதைப் பயிற்சி தருபவரிடம் சொல்லுங்கள், அந்த மொழியிலேயே தொடங்கும்படி கேளுங்கள். வீட்டில் ஆம், இல்லை என்று விடை வரும் சிறு கேள்விகளாகக் கேட்டு, பதிலுக்குப் பத்து வரை மனத்துக்குள் எண்ணிக் காத்திருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். பேச வராது என்பதற்காக அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசுவதும் கூடாது. புரிந்துகொள்ளும் திறன் பேசும் திறனைவிட நன்றாக இருக்கலாம்.

கோபம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எப்படி அடங்கியது என்று மூன்று வாரம் எழுதிப் பாருங்கள். எங்கள் நோட்டில் ஒரு ஒழுங்கு தெரிந்தது: மாலை ஐந்து மணிக்கு மேல், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து, தொலைக்காட்சியும் ஓடும்போது. அந்த நேரத்தில் அண்ணனைத் திண்ணைக்கு மாற்றியதும் சண்டை பாதியாகக் குறைந்தது. வெடிக்கும் நேரத்தில் நியாயம் பேசாதீர்கள், இரண்டடி விலகி நின்று அமைதியாகக் காத்திருங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டம் மாத்திரையும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது.

சிலருக்குக் கோபமே வராது, எதுவுமே வராது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் எழமாட்டார். இது சோம்பல் அல்ல, தொடங்கும் பொத்தான் அடிபட்டுப்போனது. "குளிச்சிட்டு வாங்க" என்று மொத்தமாகச் சொல்லாமல், "துண்டை எடுங்க" என்று முதல் படியை மட்டும் சொல்லித் தொடங்கிவைத்தால் மீதியை அவரே செய்வார். மனச்சோர்வும் இப்படியே தோன்றும் என்பதால், அழுகை, தூக்கமின்மை, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் வண்டிச் சாவியைக் கேட்பவர்களும் உண்டு. சாவியையும் பணம் அனுப்பும் செயலி உள்ள செல்பேசியையும் வேறொருவர் பொறுப்பில் வைத்திருங்கள். மது ஒரு சொட்டும் கூடாது. காயம்பட்ட மூளை அதைத் தாங்காது, வலிப்பையும் வரவழைக்கும்.

வலிப்பும் மற்ற அபாயங்களும்

வலிப்பு அடிபட்ட முதல் வாரத்திலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். வந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள், சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை அகற்றுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, செருப்பு முகரவைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம்; பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், சாவி கொடுத்ததால் நின்றதாக நமக்குத் தோன்றும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108ஐ அழையுங்கள். வலிப்பு வரக்கூடியவர் கிணற்றுமேட்டில் தனியாக நிற்பது, மரமேறுவது, ஏரியில் குளிப்பது, அடுப்பருகே தனியாக இருப்பது கூடாது.

தூக்கம் கூடிக்கொண்டே போவது, விடாத தலைவலியும் வாந்தியும், ஒரு கண்ணின் பாவை பெரிதாவது, புதிதாக ஒரு பக்கம் வலுவிழப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். வயதானவர்களுக்கு மூளை உறையடியில் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துக் குழப்பமாக வெளிப்படலாம். நன்றாகத் தேறிவந்தவர் நடை தடுமாறி, சிறுநீர் அடக்கமுடியாமல், நினைவும் பின்வாங்கினால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய நிலை அது, வியாதி முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

வீடு தேடி வந்து பிசியோதெரபி தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வருகை அடிக்கடி இருக்காது, ஆகவே வரும் நாளில் பிசியோதெரபிஸ்ட் பயிற்சி தருவதைப் பார்த்திருக்காமல் நீங்கள் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கடுமையான காயத்துக்குப் பெங்களூருவின் நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் அங்கே அந்தத் துறையை வளர்த்தவர். இத்தகைய இடங்களுக்குப் போகும்போது, தினமும் பராமரிப்பவரே உடன் போக வேண்டும். காரில் ஏற்றிக் கூட்டிப்போன மாமா திரும்பி வந்து சொல்லும் விளக்கத்தால் அண்ணிக்கு ஒன்றும் பயன் இல்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பல சலுகைகள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மருத்துவக் குழுவின் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறலாம். கைகால் பாதிப்பை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பேச்சு, நினைவு, நடத்தை ஆகியவற்றின் பாதிப்பையும் மதிப்பிடும்படி கேளுங்கள், அதற்கு அந்த நோட்டு உதவும். சாலை விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, எல்லாப் பில்கள் ஆகியவற்றுடன் ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிடுவது பாதுகாப்பு. கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருக்கும் தரகரிடம் கொடுக்காமல் நீங்களே ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொள்ளுங்கள். குணமாகிவிட்டார் என்று அவசரப்பட்டுச் சமரசத்துக்கும் போகாதீர்கள், குணமாற்றத்தால் வேலை போவது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

வேலையும் வெளியுலகமும், பராமரிப்பவரும்

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் இருக்கும். ஆறு மாதத்தோடு முடிந்துவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் புதிய திறன்கள் வருகின்றன. வேலைக்குத் திரும்பும்போது பழைய வேலையின் ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தொடங்குங்கள். மாந்தோப்பில் வேலை செய்தவர் மரமேற வேண்டாம், தரையில் காய்களைத் தரம் பிரிக்கலாம், முதலில் ஒரு மணி நேரம். கடை வைத்திருந்தவர் கல்லாவில் உட்காராமல் சரக்கு அடுக்கலாம். வண்டி ஓட்டுவதற்கு நரம்பியல் மருத்துவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும்.

பராமரிப்பது பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. அவரைக் கணவர் அடையாளம் கண்டுகொள்ளாமல் திட்டுவார், வந்தவர்கள் அவருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். வாரத்தில் ஒரு முழு நாளாவது வேறொருவர் பொறுப்பெடுத்து அவரை வெளியே அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு என் முறை. அன்று அண்ணி தம் அம்மா வீட்டுக்குப் போவார். அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்துச் சமைப்பது அண்ணன். வெங்காயம் நறுக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.